நூறு ரூபாய்ப் பத்திரம் எப்படி 89.77 ஆனது?

‘ரிசர்வ் வங்கி வட்டியை உயர்த்தியது. பாண்டு ஈல்டு ஏறியது. பாண்டு வைத்திருந்த வங்கிகளுக்கு நஷ்டம்.’

வணிகப் பக்கத்தில் இந்த மூன்று வரியையும் ஏதாவது ஒரு வடிவில் படித்திருப்பீர்கள். முதல் வரியில் குழப்பமில்லை. இரண்டாவதும் ஓரளவு விளங்கும். மூன்றாவதில்தான் பலருக்குத் தட்டும். ஈல்டு என்றால் வருமானம்தானே? வருமானம் ஏறினால் கையில் வைத்திருப்பவருக்கு லாபம்தானே வரவேண்டும்? நஷ்டம் எங்கிருந்து வந்தது?

இதை என்னிடம் கேட்பவர்கள் கணக்கில் சளைத்தவர்கள் கிடையாது. வீட்டுக் கடனின் மாதத் தவணையை மனக்கணக்காகப் போடுகிறவர்கள். ஆனால் எஃப்டியைப் பார்த்துப் பழகிய கண்ணோடு பாண்டைப் பார்க்கிறார்கள். எஃப்டிக்கு விலை கிடையாது. போட்ட பணம், சொன்ன வட்டி, முதிர்வு நாள், அவ்வளவே. அதை நடுவில் இன்னொருவரிடம் விற்க முடியாது. ஆகவே இன்றைக்கு அதன் மதிப்பென்ன என்று யாரும் கேட்பதில்லை. பாண்டு அப்படியல்ல. சந்தையில் தினமும் கைமாறுகிறது, தினமும் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையையே சதவீதத்தில் சொன்னால் ஈல்டு. ஒன்றைச் சொல்லிவிட்டால் மற்றது தானாக வந்து நிற்கும். இந்தப் பதிவு முழுக்க நான் சொல்லப்போவது இந்த ஒரு விஷயத்தைத்தான். கால்குலேட்டர் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

முதலில் டி-பில்

இருப்பதிலேயே எளிமையான அரசுக் கடன் பத்திரம் டிரஷரி பில், சுருக்கமாக டி-பில். இந்திய அரசு இதை 91 நாள், 182 நாள், 364 நாள் என்று மூன்று தவணைகளில் விடுகிறது. வட்டி என்று தனியாக எதுவும் வராது. முதிர்வில் 100 ரூபாய் தரும் பத்திரத்தை அதைவிடக் குறைவான விலைக்கு வாங்குகிறோம். ஏலச்சீட்டில் தள்ளி எடுப்பவரும் தள்ளுத் தொகையைப் பெறுபவரும் இருப்பார்கள் அல்லவா? இங்கே தள்ளி எடுப்பது அரசு, தள்ளின காசு நமக்கு.

91 நாள் பில் ஒன்றை 98.40 ரூபாய்க்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். லாபம் 1.60. இதை எதால் வகுப்பது? நம் கையிலிருந்து போனது 98.40, ஆகவே அதால்தான். 1.60-ஐ 98.40-ஆல் வகுத்தால் 1.626%. இது 91 நாளுக்கு. ஆண்டுக்கு மாற்ற 365-ஆல் பெருக்கி 91-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 6.52%. இதுதான் ஈல்டு.

98.40-க்குப் பதில் 100-ஆல் வகுத்தால் 6.42% வரும். அமெரிக்க டி-பில் சந்தையில் உண்மையிலேயே 100-ஆல்தான் வகுக்கிறார்கள், ஆண்டுக்கும் 360 நாள்தான் கணக்கு. அந்த வழக்கப்படி இதே பத்திரம் 6.33% என்று திரையில் தெரியும். பத்திரம் அதேதான், கைக்கு வரும் காசும் அதேதான், எண் மட்டும் வேறு. ஈல்டு என்று யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் எந்த வழக்கத்தில் போட்ட கணக்கு என்று கேட்கும் பழக்கத்தை இங்கிருந்தே தொடங்கிவிடலாம்.

இப்போது எதிர்த் திசையில் வருவோம். நாளைக்குச் சந்தை 6.52% போதாது, 7% வேண்டும் என்கிறது. முதிர்வில் வரப்போகும் 100 ரூபாயை யாரும் கூட்டித் தர மாட்டார்கள். அதிக லாபம் வேண்டுமென்றால் வாங்கும்போதே குறைத்துக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. 7% கிடைக்க வேண்டுமானால் விலை 98.28. நேற்று 98.40-க்கு வாங்கியவரின் பத்திரத்தையும் இன்று அந்த விலைக்குத்தான் கேட்பார்கள். அவருக்கு 12 பைசா நஷ்டம்.

ஈல்டு ஏறினால் விலை இறங்கும் என்பதன் காரணம் முழுவதும் இந்தப் பன்னிரண்டு பைசாவில் அடங்கிவிட்டது. மற்றதெல்லாம் இதையே பல தவணைகளுக்கு நீட்டிப் போடும் கணக்கு.

கொரோனா காலத்துப் பத்திரம் ஒன்று

உதாரணத்துக்கு நிஜமான பத்திரம் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்: 5.85% ஜிஎஸ் 2030. மத்திய அரசு 2020 டிசம்பர் 1 அன்று வெளியிட்ட பத்தாண்டுப் பத்திரம். அப்போது ரெப்போ, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி, 4%.

முகமதிப்பு 100 ரூபாய். கூப்பன் 5.85%. இந்திய அரசுப் பத்திரங்களில் கூப்பனை, அதாவது ஆண்டு வட்டியை, பாதி பாதியாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை தருவார்கள். ஆக ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் தலா 2.925 ரூபாய், மொத்தம் 20 தவணை. கடைசித் தவணையான 2030 டிசம்பர் 1 அன்று அசல் 100 ரூபாயும் சேர்ந்து வரும்.

5.85 என்ற எண்ணை நிதியமைச்சகம் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. புதிய பத்திரத்துக்கான ஏலத்தில் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் எத்தனை சதவீதம் கொடுத்தால் வாங்குவோம் என்று ஈல்டில் கேட்பார்கள். எந்த இடத்தில் ஏலம் வெட்டப்படுகிறதோ அந்த ஈல்டே கூப்பனாகிவிடும். அதனால்தான் பிறந்த அன்று கூப்பனும் ஈல்டும் ஒரே எண், விலை 100. அதன் பிறகு கூப்பன் சாகும்வரை மாறாது. சந்தை கேட்கும் ஈல்டு மறுநாள் காலையிலிருந்தே மாறத் தொடங்கும்.

இந்தப் பத்திரத்தின் கதையில் ஒரு சுவாரசியம் உண்டு. அந்தக் காலத்தில் பத்தாண்டு ஈல்டு 6%-ஐ விட்டு மேலே ஓடிவிடாமல் இருக்க ரிசர்வ் வங்கி வெகுவாக மெனக்கெட்டது. 2021 ஏப்ரலில் ஜி-சாப் என்ற திட்டத்தை அறிவித்து, அந்தக் காலாண்டில் மட்டும் 1 லட்சம் கோடி ரூபாய்க்கு அரசுப் பத்திரங்களைச் சந்தையில் வாங்குவதாகச் சொன்னது. ஈல்டை அடக்க விரும்பினால் எதற்குப் பத்திரம் வாங்க வேண்டும்? பெரிய கை ஒன்று வாங்க இறங்கினால் விலை தாங்கி நிற்கும். விலை நின்றால் ஈல்டும் நிற்கும். இரண்டும் ஒன்றே என்பதை நம்பிச் செய்த வேலைதான் அது.

பிறகு காற்று திசை மாறியது. பணவீக்கம் ஏறியது. 2022 மே 4 அன்று முன்னறிவிப்பில்லாத கூட்டத்தில் ரெப்போ 4.40% ஆனது, ஜூன் 8-இல் 4.90%. பத்தாண்டு ஈல்டு 7.5% பக்கம் வந்துவிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் அரசு விட்ட புதிய பத்தாண்டுப் பத்திரத்தின் கூப்பன் 7.26%. அதே அரசு, அதே உத்தரவாதம். அங்கே 7.26 கிடைக்கும்போது 5.85 தரும் பழைய பத்திரத்துக்கு யார் 100 ரூபாய் கொடுப்பார்கள்?

சரி, எவ்வளவு கொடுப்பார்கள்?

விலையைக் கணக்கிடுவது

நாள் 2022 ஜூன் 1. அன்றைய கூப்பனை வாங்கிவிட்டோம். மீதி எட்டரை ஆண்டு, அதாவது 17 தவணை. சந்தை கேட்கும் ஈல்டு 7.5% என்று வைத்துக்கொள்வோம். தவணை அரையாண்டுக்கு ஒன்று என்பதால் விகிதத்தையும் பாதியாக்க வேண்டும்: 3.75%.

அடுத்த டிசம்பரில் வரும் 2.925 ரூபாய்க்கு இன்று எவ்வளவு கொடுக்கலாம்? 1.0375-ஆல் வகுத்தால் 2.82. அதற்கடுத்த தவணைக்கு 1.0375-ஆல் இரண்டு முறை வகுக்க வேண்டும்: 2.72. மூன்றாவதுக்கு மூன்று முறை: 2.62. இப்படியே போனால் கடைசியில் வரும் 102.925 ரூபாய்க்குப் பதினேழு முறை வகுத்து 55.05. பதினேழு எண்களையும் கூட்டினால் 89.77.

அவ்வளவுதான். பாண்டு விலை என்பது வரப்போகும் ஒவ்வொரு காசையும் இன்றைய நாளுக்குக் கொண்டுவந்து கூட்டிய தொகை. அதில் 36.28 ரூபாய் கூப்பன்களின் பங்கு, 53.48 ரூபாய் அசலின் பங்கு. (பைசாவைத் தோராயமாக வெட்டியதால் கூட்டலில் ஒரு பைசா இடிக்கும்; பயப்பட வேண்டாம்.)

பதினேழு முறை வகுக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு எக்செல் இருக்கிறது. பிவி என்ற ஃபார்முலாவில் விகிதம் 3.75%, தவணை 17, ஒவ்வொரு தவணையிலும் 2.925, முடிவில் 100 என்று கொடுங்கள். மைனஸ் 89.77 என்று வரும். நம் கையை விட்டுப் போகும் பணம் என்பதால் மைனஸ்.

2020 டிசம்பரில் 100 ரூபாய் கொடுத்தவர் இந்த விலையில் விற்றால் என்ன ஆகும்? ஒன்றரை ஆண்டில் மூன்று கூப்பன், 8.78 ரூபாய் வந்திருக்கும். விலையில் 10.23 போயிற்று. ஆக அரசு ஒரு தவணைகூடத் தவறாமல் கொடுத்த பத்திரத்தில் ஏறத்தாழ ஒன்றரை ரூபாய் நஷ்டம். அரசுப் பத்திரத்தில் பணம் போகாது என்று சொல்பவர்கள் முதிர்வுவரை வைத்திருந்தால் என்ற பாதி வாக்கியத்தை விழுங்கிவிடுகிறார்கள்.

ஈல்டைக் கண்டுபிடிப்பது

ஈல்டு தெரிந்தால் விலையை நேராகக் கணக்கிடலாம். விலை தெரிந்து ஈல்டைக் கண்டுபிடிப்பதுதான் சற்று வம்பு. அதற்கு ஒரே அடியில் விடை தரும் சூத்திரம் கிடையாது. ஊகித்து, சரிபார்த்து, திருத்தித்தான் பிடிக்க வேண்டும். எக்செல்லின் ரேட் ஃபார்முலாவும், டீலர்களின் திரையும் உள்ளே இதைத்தான் செய்கின்றன, வேகமாகச் செய்கின்றன என்பது மட்டுமே வித்தியாசம்.

கையால் ஒரு முறை போட்டுப் பார்ப்போம். விலை 89.77. முதல் ஊகம் 7%. அந்த ஈல்டில் விலை 92.73 வருகிறது. சந்தை விலையைவிட அதிகம், ஆகவே ஈல்டு இதற்கு மேலே இருக்க வேண்டும். இரண்டாவது ஊகம் 8%: விலை 86.92. இப்போது கீழே போய்விட்டது. விடை இரண்டுக்கும் நடுவில். 92.73-இலிருந்து 86.92 வரை மொத்த இறக்கம் 5.81. நமக்கு வேண்டிய இறக்கம் 2.96. வகுத்தால் 0.51. ஆக ஈல்டு சுமார் 7.51%. உண்மை விடை 7.50. இரண்டே ஊகத்தில் இவ்வளவு நெருக்கம்.

இன்னும் அவசரமானவர்களுக்குக் குறுக்குவழி ஒன்று உண்டு. ஆண்டுக் கூப்பன் 5.85. விலை 89.77-இலிருந்து 100-க்கு ஏறும் 10.23-ஐ எட்டரை ஆண்டுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 1.20. இரண்டும் சேர்ந்து 7.05. இதை விலைக்கும் முகமதிப்புக்கும் நடுப்பட்ட 94.89-ஆல் வகுத்தால் 7.43%. காகிதமும் பேனாவுமாக இந்த அளவு போதும். உங்களிடம் யாராவது 9% என்று அளந்தால் பிடித்துவிடலாம்.

ஒரே பத்திரம், மூன்று சதவீதம்

இந்த இடத்தில் நம் பத்திரத்துக்கு மூன்று எண்கள் சேர்ந்துவிட்டன.

கூப்பன் 5.85%. பத்திரத்தின் முகத்தில் அச்சடித்தது.

கரன்ட் ஈல்டு 6.52%. ஆண்டுக் கூப்பனை இன்றைய விலையால் வகுத்தது. 89.77 போட்டு ஆண்டுக்கு 5.85 வாங்குகிறோம் என்பதை மட்டும் சொல்லும். முதிர்வில் 100 கிடைக்கும் என்பதைக் கண்டுகொள்ளாது.

முதிர்வு ஈல்டு 7.50%. சந்தையில் வைடிஎம் என்பார்கள். கூப்பன், விலை ஏற்றம், காலம் மூன்றையும் சேர்த்தது.

விலை 100-க்குக் கீழே இருந்தால் மூன்றும் இந்த வரிசையில்தான் ஏறும். விலை 100-க்கு மேலே போனால் வரிசை தலைகீழாகும், கூப்பன் பெரிதாகவும் வைடிஎம் சிறிதாகவும் இருக்கும். கூப்பனைக் கொட்டை எழுத்தில் போட்டு விற்கும் பத்திரத்தின் விலை 110 என்று பொடி எழுத்தில் இருந்தால் கால்குலேட்டரைத் தேடுங்கள்.

இன்னொரு நுணுக்கம். வைடிஎம் 7.50% என்பது 3.75%-ஐ இரண்டால் பெருக்கியது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூட்டு வட்டி சேர்த்தால் ஆண்டுக்கு உண்மையில் 7.64%. நம் வங்கிகள் எஃப்டிக்குப் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட்டுகின்றன; 7.50% எஃப்டி ஆண்டுக்கு 7.71% ஆகும். எஃப்டியையும் பாண்டையும் ஒப்பிடும்போது இரண்டையும் ஆண்டு விகிதமாக மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

திரையில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை

2021 நவம்பர் 12 முதல் ரிசர்வ் வங்கியின் ரீடெயில் டைரக்ட் வழியாக நம்மைப் போன்றவர்களும் அரசுப் பத்திரங்களை நேரடியாக வாங்கலாம். குறைந்தது 10,000 ரூபாய் முகமதிப்பு. முதல் முறை வாங்கும்போது பலரும் திடுக்கிடுவது இந்த இடத்தில்: திரையில் பார்த்த விலைக்கு மேலே காசு பிடிக்கிறார்கள்.

கமிஷன் என்று நினைத்துவிட வேண்டாம். கூப்பன் தேதிக்கு நடுவில் வாங்கினால், கடந்த கூப்பனிலிருந்து அன்றுவரை விற்பவருக்குச் சேர்ந்த வட்டியை நாம் கொடுத்துவிட வேண்டும். அடுத்த கூப்பன் முழுசாக நமக்கு வந்துவிடும் அல்லவா? நம் பத்திரம் ஆகஸ்ட் 16 அன்று 90.50-க்குக் கைமாறியதாக வைத்துக்கொள்வோம். ஜூன் 1-இலிருந்து 75 நாள். இந்திய அரசுப் பத்திரங்களுக்கு மாதம் 30 நாள், ஆண்டு 360 நாள் என்பது வழக்கம் (ஜூலை 31-ஐ இந்தக் கணக்கு மதிக்காது). 5.85-ஐ 75-ஆல் பெருக்கி 360-ஆல் வகுத்தால் 1.22. 10,000 ரூபாய் முகமதிப்புக்கு விலை 9,050, சேர்ந்த வட்டி 121.88, ஆகக் கட்ட வேண்டியது 9,171.88.

திரையில் தெரிவது கிளீன் பிரைஸ். வட்டி சேர்த்தது டர்ட்டி பிரைஸ். டர்ட்டி பிரைஸ் ஆறு மாதம் மெல்ல ஏறி, கூப்பன் நாளில் பொத்தென்று விழும். அதைப் பார்த்து ஈல்டு மாறிவிட்டது என்று யாரும் ஏமாறக்கூடாது என்பதற்காகத்தான் கிளீன் பிரைஸில் பேரம் பேசுகிறார்கள்.

எவ்வளவு ஆடும்?

வட்டி கால் சதவீதம் ஏறினால் என் பத்திரம் எத்தனை ரூபாய் விழும்? நடைமுறையில் எல்லோருக்கும் வேண்டியது இந்தக் கேள்விக்கான பதில்தான்.

நம் பத்திரம் பிறந்த நாளுக்கே போவோம். ஈல்டு 5.85-இலிருந்து 6.85-க்குத் தாவினால் விலை 92.85. 4.85-க்கு இறங்கினால் 107.85. முன்னும் பின்னும் சராசரியாக ஏழரை ரூபாய். இந்த ஏழரைக்கு மாடிஃபைட் டியூரேஷன் என்று பெயர். பிரெடரிக் மெக்காலே என்ற கனடியப் பொருளியலாளர் 1938-இல் முன்வைத்த டியூரேஷன் அளவிலிருந்து பிறந்தது. பயன்படுத்துவது சுலபம்: ஈல்டு கால் சதவீதம் ஏறினால் ஏழரையில் கால் பங்கு, ஏறத்தாழ 1.90 ரூபாய் விழும். ஈல்டு ஒரே ஒரு பேசிஸ் பாயின்ட், அதாவது 0.01% நகர்ந்தால் 100 ரூபாய்க்கு ஏழரைப் பைசா. சில்லறையாகத் தெரியும். ஒரு கோடி ரூபாய் முகமதிப்புக்கு அது 7,500 ரூபாய். வங்கிகளின் டீலர்கள் ஒற்றைப் பாயின்டுக்கு ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்பது இப்போது தெரிந்திருக்கும்.

கூர்ந்து பார்த்தவர்கள் இன்னொன்றைக் கவனித்திருப்பார்கள். ஏறினபோது நஷ்டம் 7.15, இறங்கினபோது லாபம் 7.85. இரண்டும் சமமில்லை. விலைக்கும் ஈல்டுக்கும் இடையிலான கோடு நேர்கோடு அல்ல, வளைந்தது. அந்த வளைவு வைத்திருப்பவர் பக்கம் சாய்ந்திருக்கிறது. இதுதான் கான்வெக்சிட்டி.

தவணை நீண்டால் ஆட்டம் கூடும் என்பது தெரிந்ததுதான். ஆனால் ஐந்து மடங்கு நீண்டால் ஐந்து மடங்கு ஆடாது. 2023 நவம்பரில் இந்தியா முதன்முறையாக 50 ஆண்டுப் பத்திரம் விட்டது: 7.46% ஜிஎஸ் 2073. ஈல்டு ஒரு சதவீதம் ஏறினால் அது 88.37-க்கு விழும். பத்தாண்டுப் பத்திரத்தின் 7 ரூபாய்க்கு எதிரே இங்கே 12 ரூபாய்தான். காரணம், ஐம்பது வருடம் கழித்து வரும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு 7.46% கணக்கில் வெறும் 2.57 ரூபாய். பத்திரத்தின் விலையில் மீதி 97 ரூபாய்க்கு மேல் கூப்பன்களே.

கூப்பன் ஒல்லியாக இருந்தால் கதை வேறு. ஆஸ்திரியா 2020 ஜூனில் 0.85% கூப்பனில் நூறாண்டுப் பத்திரம் விட்டது. நூறு வருடத்துக்கு 0.85 யூரோ வீதம். ஈல்டு 3% ஆனால் அதன் விலை கணக்குப்படி சுமார் 32 யூரோ. ஐரோப்பிய மத்திய வங்கி தன் டெபாசிட் வட்டியை 2022 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பருக்குள் மைனஸ் 0.5%-இலிருந்து 4%-க்குக் கொண்டுபோனதை நினைத்துப் பாருங்கள்.

வங்கிக்கு ஏன் நஷ்டம்

இனி அந்த மூன்றாவது வரிக்கு வரலாம். வங்கிகள் டெபாசிட் பணத்தில் ஒரு பகுதியை அரசுப் பத்திரங்களில் வைக்கின்றன. ஈல்டு ஏறும்போது புதிதாக வாங்குபவருக்கு நல்ல காலம். ஏற்கெனவே வாங்கி அடுக்கியவருக்கு, புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு பழைய பத்திரமும் டியூரேஷன் கணக்குப்படி மெலியும். முதிர்வுவரை பொறுத்தால் 100 ரூபாய் வந்துவிடும். டெபாசிட்தாரர்கள் பொறுக்க வேண்டுமே.

2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கிக்கு நேர்ந்தது அதுதான். வட்டி பூஜ்யத்தை ஒட்டியிருந்த காலத்தில் அது அமெரிக்க அரசுப் பத்திரங்களையும் வீட்டுக் கடன் பத்திரங்களையும் வாங்கிக் குவித்தது. ஃபெடரல் ரிசர்வ் ஒரு வருடத்துக்குள் வட்டியை 4.5%-க்கு மேலே கொண்டுபோனது. மார்ச் 8 அன்று, சுமார் 2,100 கோடி டாலர் பத்திரங்களை விற்றதில் 180 கோடி டாலர் நஷ்டம் என்று வங்கி அறிவித்தது. டெபாசிட்தாரர்கள் ஓடிவந்தார்கள். மார்ச் 10 அன்று வங்கி மூடப்பட்டது. விற்றதில் ஒரு பத்திரம்கூடத் திவாலானது கிடையாது.

கைக்கு வருவது எவ்வளவு?

2022 ஜூனில் நம் பத்திரத்தை 89.77-க்கு வாங்கியவரைப் பார்ப்போம். 2030 வரை வைத்திருந்தால் 7.5% உறுதியா?

பணம் எட்டரை ஆண்டு 7.5%-இல் வளர்ந்தால் 89.77 ரூபாய் 167.85 ஆக வேண்டும். பத்திரம் தருவது அசல் 100, கூப்பன்கள் 49.73, மொத்தம் 149.73. இடையில் உள்ள 18 ரூபாய் எங்கே? வருகிற ஒவ்வொரு கூப்பனையும் மீண்டும் 7.5%-இல் முதலீடு செய்தால் வரும் வட்டி அது. கூப்பனையெல்லாம் வட்டியே இல்லாத கணக்கில் தூங்கவிட்டால் எட்டரை ஆண்டு முடிவில் உங்கள் பணம் வளர்ந்த வேகம் 6.11%தான். வைடிஎம்மை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வோருக்கு இந்த 1.4 சதவீத ஓட்டை தெரிவதில்லை. கூப்பனை மாதச் செலவுக்கு எடுத்துக்கொள்பவருக்கு இதில் குறையொன்றுமில்லை. செலவழித்த பணத்தின் பயன் கையிலேயே இருக்கிறது.

நடுவில் விற்பவருக்கு ஈல்டு போகும் திசையே விதி. 2025 பிப்ரவரியிலிருந்து ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைக்கத் தொடங்கியது. 2025 ஜூன் 1 அன்று நம் பத்திரத்தின் ஈல்டு 6% என்று வைத்தால் விலை 99.31. 89.77-க்கு வாங்கியவருக்கு மூன்று ஆண்டில் ஆறு கூப்பனும் விலை ஏற்றமுமாகச் சேர்ந்து 27.09 ரூபாய், ஆண்டுக்கு 9.6%-க்கு மேல். இதில் எல்லாமே வட்டி குறைந்ததால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஈல்டு அப்படியே 7.5%-இல் நின்றிருந்தாலும் காலம் விலையை 100-ஐ நோக்கி இழுத்துக்கொண்டே போகும்: 2023 ஜூனில் 90.66, 2029 டிசம்பரில் 98.44.

இதெல்லாம் அரசு வாக்குத் தவறாது என்ற அடிப்படையில். தனியார் நிறுவனப் பத்திரத்துக்கு 12% ஈல்டு என்று விளம்பரம் வந்தால், கணக்கு அதே கணக்குதான், ஆனால் ஒவ்வொரு தவணையும் தவறாமல் வரும் என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு. அரசு 7% தரும்போது இவர் ஏன் 12% தருகிறார் என்பதற்கு எந்த ஃபார்முலாவிலும் விடை கிடையாது, நிறுவனத்தின் வரவு செலவுக் கணக்கைத்தான் புரட்ட வேண்டும்.

படித்ததோடு விட்டால் நிற்காது, ஒரு கணக்கு நீங்களே போடுங்கள். 2025 மே 5 அன்று வெளியான பத்தாண்டுப் பத்திரம், 6.33% ஜிஎஸ் 2035. வெளியான அன்றே சந்தை ஈல்டு 7.33% ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டு விலையைக் கண்டுபிடியுங்கள். 93.00 வந்தால் சரி. 93.08 வந்தால் கூப்பனையும் விகிதத்தையும் பாதியாக்க மறந்து ஆண்டுக்கு ஒரு தவணை என்று போட்டுவிட்டீர்கள். 100-க்கு மேலே ஏதாவது வந்தால், டி-பில்லின் அந்தப் பன்னிரண்டு பைசாவுக்குத் திரும்பிப் போய் இன்னொரு முறை படித்துவிட்டு வாருங்கள்.